கண் கூசாத வரைபடம்

12 ஜூலை 2005
செந்தமிழ் இன்றைக்கும் கம்ப்யூட்டர் லேபில் திரையில் இருந்த மைனஸ் நான்கை வெறும் நான்கு என்று நோட்டில் எழுதிவிட்டாள். ப்ளஸ் ஒன்னில் சேர்ந்துவிட்டு மைனஸைப் பார்க்கமாட்டேன் என்றால் எப்படி? நான் சிரித்தேன். கணக்கு சார் கலியபெருமாள் சிரிக்கவில்லை. "வர்ற வாரம் வியாழக்கிழமை டெஸ்ட். அதுலயும் இப்படின்னா உன்ன வேற குரூப்புக்கு மாத்திடுவேன்." அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

14 ஜூலை
லேபில் கணக்குக்குப் போட்டிருக்கும் கிராஃப் மென்பொருள் இலவச சி.டி.யில் வந்தது. யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து மாற்றலாமாம். எனக்கா சொல்லணும்! வெள்ளைப் பின்னணியைக் கறுப்பாக்கி, கோடுகளை மஞ்சளாக்கி, ஆறு கம்ப்யூட்டரிலும் போட்டுவிட்டேன். நாளைக்கு சார் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவார்.

15 ஜூலை
கூப்பிட்டார்! லேப் பூரா கூச்சல். செந்தமிழ் மட்டும் சத்தமே இல்லாமல் அஞ்சு கிராஃபும் எழுதி முடித்தாள். ஒன்றுகூடத் தப்பில்லை.
"எப்படிடி?"
"வெள்ளை இல்லியே. தெனம் காலையில அம்மாகூட உப்பு வாரிட்டுத்தான் வர்றேன். அந்த வெள்ளையப் பாத்துட்டு இந்த வெள்ளையப் பாத்தா கண்ணு கூசி தண்ணியா வருது. சின்னக் கோடெல்லாம் தெரிய மாட்டேங்குது."
"கண்ணாடி போடேன்."
"டாக்டர் பாத்துட்டாரு. பவர் இல்லியாம்."
ஏன் இத்தனை நாள் சொல்லல? நான்தான் சிரிச்சுக்கிட்டே இருந்தேனே — எப்படிச் சொல்லுவா.

18 ஜூலை
சார் பழையபடி வெள்ளையாக்கிட்டார். "எவன்டா செஞ்சது?" என்று பையன்களை மட்டும் முறைத்தார். பெண்பிள்ளை செய்திருப்பாள் என்று தோன்றவே இல்லை. தப்பிச்சேன். தப்பிச்சேனா?

19 ஜூலை
வாயை மூடிக்கிட்டா நான் நல்ல பொண்ணு. ஆனா அவ கணக்கு குரூப்புல இருக்க மாட்டா.

20 ஜூலை
நான்தான் செஞ்சேன்னும் செந்தமிழுக்குக் கண்ணு கூசுதுன்னும் சார்கிட்ட சொல்லிட்டேன். வேண்டியவங்களுக்கு மட்டும் கறுப்பாகிற மாதிரி பொத்தான் வெச்சுத் தர்றேங்க சார்ன்னேன்.
"நாளைக்குள்ள வை. இல்லன்னா வைஜெயந்தி, நீயும் அவகூடவே கெளம்பு."
முதல் முயற்சி: கறுப்பு மேலே கறுப்புக் கோடு. அமாவாசை கிராஃப். ஒருவழியாகச் சரிசெய்து மூலையில் அழகாகப் பொத்தான் வைத்தேன். செந்தமிழ் திரையில் மூக்கை வைத்துத் தேடினாள்.
"எங்கடி இருக்குது?"
"அதோ, மூலையில."
"கண்ணு கூசுறவளுக்குன்னு வெச்சுட்டு, அதயும் வெள்ளையிலயே வெச்சிருக்கியே லூசு!"
அவள் சொன்னபடி ஸ்பேஸ் கட்டைக்கே மாற்றினேன். திரையைப் பார்க்காமலே அமுக்கலாம்.

21 ஜூலை
டெஸ்டில் செந்தமிழுக்கு இருபதுக்குப் பத்தொன்பது! போன ஒன்று கூட்டல் தப்பு. அதற்குத் திரை பொறுப்பில்லை.

8 செப்டம்பர்
மாற்றத்தை மென்பொருள்காரர்களுக்கு அனுப்பியிருந்தோம். பதில் வந்திருக்கிறது. சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் எத்தனை பேருக்குத் தேவைப்படும் என்று கேட்கிறார்கள். 'ஒருத்திக்கு' என்று எழுதிவிட்டு லேபில் நிமிர்ந்து பார்த்தேன். ஆறு திரையில் நாலு கறுப்பு. நாலு பேருமே காலையில் உப்பளம் போய்விட்டு வருகிறவர்கள். கவனமில்லாத பிள்ளைங்கன்னு பேர் வாங்கினவங்க.
'ஒருத்திக்கு' என்பதை அழித்தேன்.