கை நிறைய வார்த்த பால்

ஞாயிறு காணா நிலவறையில் வாழ்வோர்க்குத்
தாயாய் ஒளிர்வாய் சரண்.

நாள் 503. காலை 06:20

செவ்வாய்க் கோள், நிலவறை நிலையம். உணவு, மருந்துப் பொறுப்பாளன் பொன்னம்பலவாணன் எழுதும் பணிக்குறிப்பு. காற்றழுத்தம் சீர். வெப்பம் சீர். நால்வரும் நலம், எலும்பு வலி நீங்கலாக.

வைட்டமின் டி மாத்திரைகள் தீர்ந்துவிட்டன. சரக்குக் கலம் வர இன்னும் பல மாதங்கள் ஆகும். செம்மண்ணுக்கு அடியில் வாழ்வோருக்கு வெயில் ஏது? ஆகவே நானே செய்யலானேன். காளானைப் புற ஊதா விளக்கின் கீழ் வாட்டி, அதன் சாரத்தை எண்ணெயில் இறக்கிச் சொட்டு மருந்தாகக் கொடுத்துவந்தேன். பயன் இல்லை. எண்ணெயாக உள்ளே போனது எண்ணெயாகவே கழிந்தது.

இன்று சோயா எண்ணெயிலிருந்து பிரித்த லெசிதினைச் சேர்த்தேன். ஒரு முனையால் எண்ணெயையும் மறுமுனையால் நீரையும் பற்றிக்கொள்ளும் பொருள் அது. கலக்கியில் சுழன்றதும் கலவை பாலைப் போல வெளுத்தது. மருந்து இனிக் குருதியில் சேரும். ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து மில்லி போதும்.

நாள் 505. மாலை 18:10

கூடத்தில் என் படிகலிங்கம் இருக்கிறது. நாள்தோறும் பதிகம் பாடி வழிபடுகிறேன்; இதுவரை நீராட்டியது நீரால். இன்று என் உள்ளத்தில் ஓர் ஆசை எழுந்தது: மருந்து பாலாகவே இருக்கையில், அது இறைவன் திருமுடியைத் தொட்டு வந்தால் என்ன? ஒரு செம்பு நிறையச் செய்து நீராட்டினேன். வழிந்ததைப் பாத்திரத்தில் ஏந்தி, உள்ளங்கையில் வார்த்தேன்.

உள்பேசி வழியே நடந்த உரையாடலைப் பதிவுக்காக எழுதுகிறேன். இயந்திர அறையிலிருந்து பொறியாளர் இங்கர்சால்: "சாமி, எனக்கு உங்க அபிஷேகமெல்லாம் வேணாம். எங்கப்பா இந்த நாத்திகர் பேர வச்சதே இதுக்கெல்லாம் கை நீட்டக் கூடாதுன்னுதான். சாமிக்குக் காட்டாத சரக்கு இருந்தா ஒரு குப்பியில அளந்து வெளிய வச்சிடுங்க."

பயிர் அறையிலிருந்து சூசையப்பன்: "அப்ப அவன் பங்கையும் எனக்கே ஊத்துங்க பெரியவரே. மாதா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா."

நிலையத் தலைவி அபிராமவல்லி: "ரெண்டு பேரும் வாய மூடிட்டு வேலையப் பாருங்க. ஐயா, நான் வந்துக்கிட்டே இருக்கேன். எனக்கு ஒரு கை வைங்க."

இங்கர்சாலுக்கு ஐந்து மில்லி அளந்து வைத்தேன். மற்றவர்க்கு அளக்கவில்லை. மருந்தை அளக்கலாம், பிரசாதத்தை அளப்பது எங்கள் ஓதுவார் குலத்தில் வழக்கமில்லை. மிஞ்சவிடுவதும் இல்லை. செம்பு தீரும்வரை வார்த்தேன்.

நாள் 534. காலை 07:00

எலும்பு வலி எவருக்கும் இல்லை. தலைவி இன்று ஏணியில் பையைச் சுமந்துகொண்டே ஏறினார். நாள்தோறும் இரண்டாம் கை கேட்டு வாங்குகிறார். "உங்க பால் இல்லன்னா நான் எந்திரிச்சே இருக்க மாட்டேன் ஐயா" என்று உள்பேசியில் சொன்னார். இறைவன் செயல் என்று விடை கூறினேன். உள்ளே, என் செயல் என்று கேட்டது.

நாள் 566. பிற்பகல் 14:45

தீராத தாகம். தலைவிக்கும் சூசையப்பனுக்கும் வாந்தி, மலச்சிக்கல். எனக்கும் வாய் உலர்கிறது. வார்த்து முடித்தபின் எஞ்சியதையே நான் அருந்துவதால் எனக்குக் குறைவு போலும். தலைவி இன்று என்னைத் தம் தந்தையின் பெயர் சொல்லி அழைத்தார். குருதிச் சோதனைக் கணக்கைப் புவிக்கு அனுப்பினேன்.

நாள் 567. காலை 09:30

புவியிலிருந்து மருத்துவர் ரஹ்மத்துன்னிசாவின் செய்தி: "பொன்னம்பலவாணன் சார், மூணு பேருக்கு ரத்தத்துல கால்சியம் எக்கச்சக்கமா ஏறியிருக்கு. வைட்டமின் டி அளவு மீறிப் போச்சு. இங்கர்சாலுக்கு மட்டும் எல்லாம் சரியா இருக்கு. அவர் எடுக்கறதுக்கும் மத்தவங்க எடுக்கறதுக்கும் என்ன வித்தியாசம்னு பாருங்க. மருந்த உடனே நிறுத்துங்க. நிறைய தண்ணி, ஸ்டீராய்டு. கிட்னி போயிடும் சார், விளையாட்டு இல்ல. இன்னிக்கி ராத்திரியிலேருந்து பூமிக்கும் செவ்வாய்க்கும் நடுவுல சூரியன் வந்துடுது, ரெண்டு வாரம் பேச முடியாது. எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க."

வேறுபாட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை. ஒருவன் குப்பியில் அளந்து குடித்தான். மற்றவர் என் கையால் குடித்தனர். ஒரு கை என்பது ஐந்து மில்லியின் பத்து மடங்கு. லெசிதின் தன் வேலையைக் குறையின்றிச் செய்தது; ஒரு துளியையும் வீணாக்காமல் உடலில் சேர்த்துவிட்டது.

நாள் 567. மாலை 18:00

செம்பை எடுக்கவில்லை. "இன்றுமுதல் நீர் வழிபாடு மட்டும்" என்று அறிவித்தேன். காரணம் சொல்லவில்லை. இறைவன் பெயருக்கு இழுக்கு வரலாகாது என்று எனக்கே கூறிக்கொண்டேன். இழுக்கு எவன் பெயருக்கு என்பதை அவன் அறிவான்.

செய்தி வருமுன் காலையில் செய்து நீராட்டி முடித்த பால் ஒரு பாத்திரம், எவருக்கும் வார்க்காமல் இருந்தது. திருமுடி தொட்டதைச் சாக்கடையில் கொட்ட என் கை எழவில்லை. மூடிக் குளிரறையில் வைத்தேன்.

நாள் 572. காலை 08:15

சூசையப்பன் தேறிவருகிறார். உள்பேசியில் அவர் குரல்: "பெரியவரே, பசிக்குது. கஞ்சியில உப்பு போட மறந்துட்டீங்க, அது தெரியுற அளவுக்கு ஆயிட்டேன்." தலைவி தேறவில்லை. அதே நீர், அதே ஸ்டீராய்டு. குருதியில் கால்சியம் முன்னினும் மிகுந்துள்ளது. ஏன் என விளங்கவில்லை. என் பங்கு ஸ்டீராய்டையும் அவருக்கே ஏற்றினேன்.

நாள் 574. முற்பகல் 11:05

இங்கர்சாலின் குரல்: "சாமி, தலைவி படுக்கைக்குக் கீழ உங்க பால் பாத்திரம் இருக்கு. காலி. குளிரறையிலேருந்து எடுத்து வச்சு தெனமும் குடிச்சிருக்காங்க. தெம்பு வரும்னு நெனச்சிருக்காங்க. டாக்டர் அனுப்புன செய்திய இப்பத்தான் தேடிப் படிச்சேன். அது ஏன் நிறுத்துனீங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா தொட்டிருப்பாங்களா? சொல்லுங்க சாமி."

அதே இணைப்பில் தலைவியின் குரலும் வந்தது, மெல்ல: "ஐயா... கோவிச்சுக்காதீங்க. கேக்காம எடுத்துட்டேன். சாமிக்குன்னு வச்சிருந்தீங்களா? தப்புதான். மன்னிச்சுக்குங்க."

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

நாள் 575. நேரம் குறிக்கவில்லை

தலைவிக்குச் சிறுநீர் நின்றுவிட்டது. அருகில் அமர்ந்து அனைத்தையும் சொன்னேன். அளக்காததை. மறைத்ததை. கொட்டாமல் வைத்ததை. கண் திறந்திருந்தது. செவியில் விழுந்ததா, தெரியாது. இருமுறை சொன்னேன். மூன்றாம் முறை சொல்லும்போது இங்கர்சால் என் தோளைப் பற்றி நிறுத்தினான்.

நாள் 576. காலை

அபிராமவல்லி இறைவனடி

விடியலில் மூச்சு நின்றது. என் கையில் அவர் கை இருந்தது.

இங்கர்சால் இப்போது உள்பேசியில் அழைக்கிறான்: "சாமி, எனக்கு ஒண்ணும் தெரியாது. சூசைக்குத் தெரிஞ்ச ஜெபம் இவங்களுக்கு ஆகாது. இவங்க நம்புனது உங்க பாட்டத்தான். நீங்கதான் வந்து பாடணும். உங்கமேல எனக்கு இருக்குற கோவம் அப்படியேதான் இருக்கு. ஆனா வாங்க. பாடாம அனுப்பக் கூடாது."

போகிறேன். அறுபது ஆண்டுகளாக ஓதிய பதிகம். முதல் அடி நினைவுக்கு வரவில்லை. இரண்டாம் அடி வருகிறது. முதல்

இதைக் கண்டெடுக்கும் அன்பரே, நீரும் உம் இல்லத்தாரும் நோயின்றி நெடுநாள் வாழ்க. உம் வீட்டில் எவர் கை நீட்டினாலும், தருமுன் அதில் இருப்பதை அவர்க்குச் சொல்லும் வாய் உமக்கு வாய்க்க. வாய்க்க. எனக்கு