கழுத்துக் கயிறுகள்

மேச்சேரி,
ஆவணி, 1943

மாமாவுக்கு,

வெள்ளிக்கிழமைதோறும் ஆடுகளை எடைபோட்டு எழுதி அனுப்பும் கணக்கு இந்தக் கடிதத்தில் இல்லை. தேட வேண்டாம்.

சென்ற வாரம் உங்கள் புரொபசரை ஆட்டுப் பட்டி பார்க்க அழைத்து வந்தீர்கள். நான் தழைக்கட்டோடு நின்றிருந்தேன். "இவங்க யாரு?" என்று அவர் கேட்டார்.

"ஆடு பாக்கற பொம்பளைங்க" என்றீர்கள்.

நான் குனிந்து தழையைப் போட்டேன்.

உங்கள் டாக்டர் பட்டத்துக்காக, உங்களுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து, சிவப்புக் கயிறு கட்டிய ஆடுகளுக்குப் புழு மருந்தும் கறுப்புக் கயிறு கட்டியவற்றுக்கு வெறும் தண்ணீரும் புகட்டினேன். காய்ச்சலில் கிடந்தபோதும் ஒன்றோடொன்று கலக்க விட்டதில்லை. மருந்து கேட்கிறதா என்று உங்களுக்குத் தெரிய வேண்டுமே.

நேற்று எல்லாக் கயிறுகளையும் அறுத்து அடுப்பில் போட்டேன். இரண்டு பட்டிக்கும் நடுவில் இருந்த தடுப்புப் படலையும் பிடுங்கிவிட்டேன். இப்போது எல்லாம் ஒன்றாக மேய்கின்றன. நம் பக்கத்து ஆடுகள் எல்லாமே ஒரே செவலை நிறம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

எது மருந்து குடித்தது, எது தண்ணீர் குடித்தது என்று எனக்கு எழுதிக் கேட்காதீர்கள். கூலிக்கு மேய்ப்பவளுக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்? கட்டின பெண்சாதி யாராவது இருந்தால் அவளைக் கேளுங்கள்.

எழுதியது,
ஆடு பாக்கற பொம்பளை