ஆறிப்போன நூடில்ஸ்

பெப்ரவரி, சனிக்கிழமை இரவு

மாதக்கணக்காக எதையும் ஒழுங்காகச் சாப்பிடாத என் மகள் அபி இன்று தானாகவே கேட்டாள், ஸ்காபரோவில் இருக்கும் அந்த யப்பான் சாப்பாட்டுக் கடைக்குப் போவோமா என்று. சின்ன வயதில் அவளுக்குப் பிடித்த கடை. என் கணவரும் சேர்ந்து மூன்று பேரும் உடனே வெளிக்கிட்டோம்.

முட்டைப் பொரியலால் மூடி, மேலே தக்காளி சோஸ் ஊற்றிய சோறு அவளுக்கு வந்தது. அவள் சாப்பிடும்போது பார்க்கக் கூடாது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். நான் பக்கத்து மேசைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் இருந்தேன். நாலைந்து வாய் போயிருக்கும். இவரால் அடக்க முடியவில்லை.

“இன்னும் கொஞ்சம் சாப்பிடன், பிள்ளை. பாதிகூட முடியேல்லை.”

அபி கரண்டியை வைத்துவிட்டாள். “அப்பா, பிளீஸ். இதுக்குத்தான் நான் வெளிய வாறேல்லை.”

இவர் முகம் செத்துப்போனது. அவள் எழும்பிப் போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் என் பக்கம் திரும்பினாள்.

“அம்மா, உங்கட நூடில்ஸ் அப்பிடியே கிடக்கு. நீங்கள் ஒரு வாயும் சாப்பிடேல்லை.”

குனிந்து பார்த்தேன். உண்மைதான். சூப் ஆறி எண்ணெய் படிந்திருந்தது.

“எனக்குப் பசிக்கேல்லையம்மா.”

“அதைத்தானே நானும் ஒவ்வொரு நாளும் சொல்லுறன்.”

நூடில்ஸை அள்ளி வாயில் வைத்தேன். எப்படியோ விழுங்கினேன். அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, மெதுவாகக் கரண்டியை எடுத்தாள்.

நாளைக் காலையில் என்ன நடக்குமோ தெரியாது. அவளைச் சாப்பிடச் சொல்வதற்கு முன் நான் முதலில் சாப்பிட உட்கார வேண்டும்.