வாயில் வேண்டாம், நெற்றியில் போதும்

ஜூன் 12, வியாழன்

விடியற்காலையிலிருந்து மழை. மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே தண்ணீர் தேங்கி நிற்கிறதாம். நம் பெயின்ட் கடைக்கு இன்று யார் வரப்போகிறார்கள்.

பல் தேய்த்தேன். பிரஷ் முழுக்கச் சிவப்பு. கீழே வலது பக்கம், கடைவாய்ப் பல்லைச் சுற்றி ஈறு வீக்கம். தொட்டால் உயிர் போகிறது. நாக்கிலும் புண்.

சாப்பிட முடிந்தவை: ஆறிய கஞ்சி, மசித்த மட்டி வாழைப்பழம். முடியாதவை: மற்ற எல்லாம். சுதா தனக்கு மட்டும் நெத்திலி அவியல் வைத்திருந்தாள். நான் மணத்தைச் சாப்பிட்டேன்.

"இஞ்சேருங்க, டாக்டருட்ட மறைக்காதீங்க" என்கிறாள், பெண்டாட்டி அதிகாரம். சொன்னால் அடுத்த வியாழக்கிழமை கீமோவைத் தள்ளிவிடுவார்களே. மூன்று முடிந்து, கழுத்துக் கட்டி இப்போதுதான் சுருங்க ஆரம்பித்திருக்கிறது. இடையில் விட்டால் மறுபடி வளராதா? அதுதான் பயம். வேறொன்றும் இல்லை.

ஜூன் 13, வெள்ளி

சுதா ஜெயித்தாள். பல் டாக்டர். சின்னப் பெண்தான், பேச்சில் கறார்.

"சார், இது கீமோவால வந்ததில்ல. ஈறு நோவு பழசு. முந்தியே ரெத்தம் வந்திருக்குமே?"

வந்தது. வருஷக்கணக்காக. உடம்புச் சூடு என்று இளநீர் குடித்தேன்.

கீமோ, ரத்தத்தின் வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடுமாம். வாயில் இருக்கும் கிருமி புண் வழியாக ரத்தத்துக்குள் போனால் தடுக்க ஆளில்லை. நாகர்கோவில் கீமோ டாக்டரிடம் போனில் பேசிவிட்டு மாத்திரை எழுதினாள். அணுக்கள் ஏறாமல் பல்லில் கை வைக்க மாட்டாளாம். மெத்தென்ற பிரஷ். கொதித்து ஆறிய தண்ணீரில் உப்பும் ஆப்பசோடாவும் போட்டுக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். பச்சைத் தண்ணீர் வாயில் படக் கூடாது. காய்ச்சல் வந்தால் உடனே ஆஸ்பத்திரி.

குடை அங்கேயே மறந்தாயிற்று.

ஜூன் 15, ஞாயிறு

அக்கா வந்தாள், மண்டைக்காட்டுப் பக்கத்திலிருந்து, நனைந்துகொண்டு. வழியில் தாங்கலில் கும்பிட்டுவிட்டு, ஒரு பாட்டிலில் பதமும் பொட்டலத்தில் திருமண்ணும். அய்யாவழிக் குடும்பம் எங்களுடையது; தாங்கல்தான் கோவில், அய்யாதான் சாமி. பதம் என்கிற தாங்கல் கிணற்றுத் தண்ணீரும் நாமம் இடும் அந்த வெள்ளை மண்ணும்தான் எங்கள் வீட்டில் முதல் மருந்து.

"ஏலே, வாயத் தொற. ஒரு நுள்ளு மண்ணு, ஒரு மடக்கு பதம்."

"வாயில வேண்டாம் அக்கா. நெத்தியில இட்டா போதும்."

"எதுக்குலே? அய்யாவுக்க மண்ணுல அழுக்கா இருக்கு?"

"வாயெல்லாம் புண்ணு. பச்சவெள்ளம் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கா."

அக்கா முகம் சுருங்கிவிட்டது. சுதா சமாதானத்துக்கு வந்தாள். "மைனி, பதத்தக் கொதிக்க வச்சுக் குடுக்கட்டா?"

அக்கா பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "தீயில வச்சா அய்யா ஓடியா போவாரு? வையி."

அத்தோடு விட்டிருக்கலாம். இரட்டைப் பலன் என்று நினைத்தாளோ என்னவோ, ஆறிய பதத்தில் சுதா உப்பையும் ஆப்பசோடாவையும் கலக்கிவிட்டாள். நானும் யோசிக்காமல் வாயில் ஊற்றிக் கொப்பளித்தேன். பேசினைத் தேடினால் அக்கா அலறுகிறாள்.

"ஏலே, துப்பிராத! பதத்த ஆராவது துப்புவாவளா?"

இரண்டு கன்னமும் உப்ப நடுவில் நான். விழுங்கினால் டாக்டர், துப்பினால் அக்கா. சுதாவுக்குச் சிரிப்பு. எனக்கும் வந்தது, வாயில் நிற்கவில்லை. துப்பிவிட்டேன்.

பேசினில் ரத்தம். அக்கா பார்த்துவிட்டாள்.

"இவ்வளவா மக்கா?"

கோபம் போன இடம் தெரியவில்லை. பேசினைத் தானே எடுத்துப்போய்த் தெற்றிச் செடி மூட்டில் ஊற்றிவிட்டுக் கழுவினாள். எனக்கு நாமம் இட்டாள். சாயா குடிக்காமல் போய்விட்டாள்.

ஜூன் 17, செவ்வாய்

வீக்கம் குறைவு. பிரஷில் லேசாகத்தான் சிவப்பு. அரை இட்லி இறங்கியது. வெள்ளை டிஸ்டெம்பர் ஸ்டாக் இல்லை, சொல்லிவிட வேண்டும்.

அக்கா போனை எடுக்கவில்லை. கோபமென்றால் எடுத்துத் திட்டியிருப்பாள். இது வேறு.

ஜூன் 19, வியாழன்

நாகர்கோவில். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். ஈறு பரவாயில்லை. ரத்தப் பரிசோதனைதான் சரியில்லை. "அணு ஏறல. ஒரு வாரம் தள்ளிப் போடுவோம்."

வெளியே பெஞ்சில் அக்கா. யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி வந்திருக்கிறாள். விஷயத்தைச் சொன்னேன்.

"நான் அண்ணு அந்த வெள்ளத்தக் கொண்டு வந்ததுனாலயா மக்கா?"

இல்லை என்றேன். இரண்டு மூன்று தடவை. அணு குறைவது மருந்தால், பதத்தால் இல்லை என்று தெரிந்த மட்டும் விளக்கினேன். நம்பின மாதிரி தெரியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். சுதா மருந்து வாங்கப் போயிருந்தாள்.

"எனக்குப் பேடியா இருக்குக்கா" என்றேன். இந்தப் பயத்தை இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை, சுதாவிடம்கூட.

அய்யா பார்த்துக்கொள்வார் என்பாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"எனக்கும்தாம்லே" என்றாள்.