புதினாப் பெட்டியும் மூடாத ஜன்னலும்

புதினா வாசனையோடு மரத்தூள் வாசனையும் சேர்ந்து அறை முழுக்க நிற்கிறது. ஆசாரி இப்போதுதான் ரம்பத்தைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு போனார். எதை அறுத்தார் என்று இப்போதே சொல்ல மாட்டேன். நாலு வருடம் என்னை இழுத்தடித்தவர் நீங்கள். கொஞ்சம் நீங்களும் காத்திருங்கள்.

வேலைக்காலம் முழுக்க மொரப்பூருக்கும் பொம்மிடிக்கும் நடுவில் தண்டவாளத்தை அளந்துகொண்டு நடந்த மனிதர் நீங்கள். ஒரு நூல் பிசகினாலும் உங்களுக்குச் சோறு இறங்காது. வீட்டுக்கு வந்தாலும் அதே கதைதான். காலண்டர் சாய்ந்திருக்கிறது என்று ஆணியைப் பிடுங்கிப் பிடுங்கி அடித்துச் சுவரைச் சல்லடை ஆக்கினீர்கள். அப்படிப்பட்டவர் ரிட்டயர் ஆன கையோடு, படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே செடிப்பெட்டி வைக்கிறேன் என்று கிளம்பினீர்கள்.

பழைய கட்டில் பலகையில் பெட்டி செய்தீர்கள். தண்ணீர் வடிய அடியில் ஏழு ஓட்டை, அதையும் அளந்து அளந்து போட்டீர்கள். சுவரில் இரண்டு இரும்புத் தாங்கிகளைப் பதித்து, சிமெண்ட் பூசி, மேலே பெட்டியைத் தூக்கி வைத்து முடுக்கினீர்கள். உள்ளே இருந்தபடியே கம்பி வழியாகக் கையை விட்டுப் புதினா கிள்ள வேண்டுமாம். அதற்காகப் பெட்டி ஜன்னல் விளிம்புக்கு மேலே ஒரு சாண் உயர்ந்து நின்றது. எல்லாம் சரி. வேலை செய்ய வசதியாக ஜன்னல் கதவு இரண்டையும் வெளிச்சுவரோடு ஒட்டித் திறந்து வைத்திருந்தீர்கள் பாருங்கள், அன்றைக்குத் திறந்ததுதான். சாயந்தரம் நான் மூடப் போனால், இரண்டும் பாதி வழியில் பெட்டியில் முட்டிக்கொண்டு நின்றன.

"ஏங்க, கதவு மூட மாட்டேங்குது. பொட்டி இடிக்குதுங்க."

வந்து பார்த்தீர்கள். ஒரு தடவை தள்ளிப் பார்த்தீர்கள். டேப்பை எடுத்துவந்து மறுபடியும் பெட்டியை அளந்தீர்கள். கதவை இல்லை, பெட்டியை. அப்புறம் டேப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னீர்கள்: "பொட்டி சரியாத்தான் இருக்குது ரீட்டா. ஜன்னல்தான் தப்பு."

இதற்கு மேல் ஒரு பொம்பளை என்னதான் பேசுவாள்?

நாலு வருடம். மழைக்குக் கோணிச் சாக்கு, பனிக்குப் பழைய போர்வை, கொசுவுக்கு நைலான் வலை. ஆணி அடித்து அடித்து அந்த ஜன்னலுக்கு நீங்கள் மாட்டாத துணி இல்லை. மார்கழிக் காற்று நேரே என் தலைமாட்டுக்கு வரும். எனக்கு இழுப்பு வந்து உட்கார்ந்துகொள்வேன். "காத்து வரட்டும் வுடு, வூட்டுக்கு நல்லது" என்பீர்கள். சொல்லிவிட்டு நீங்களே எழுந்து போய் வெந்நீர் வைத்துக்கொண்டு வருவீர்கள். அதைத்தான் என்னால் தாங்கவே முடியாது. தப்பை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள், மற்றதெல்லாம் செய்வீர்கள்.

புதினாவுக்கு நடந்த உபசாரம் எனக்கு நடந்ததில்லை. "வெரல வுட்டுப் பாரு. மண்ணு ஒட்டுச்சுன்னா தண்ணி வேணாம்" என்று தினமும் ஒரு பாடம். டீ வடிகட்டிய தூளைச் சர்க்கரை போகக் கழுவிக் காயவைத்துப் போட வேண்டும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீங்கள் கிடந்தபோதும் உங்கள் முதல் கேள்வி, "புதினாவுக்கு ஊத்துனியா?" என்பதுதான். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. "இப்பவாவது ஒத்துக்கோங்க. பொட்டிதான தப்பு?" என்று கேட்டேன். வாய்க்குள்ளேயே சிரித்தீர்கள். "ஜன்னல்தான்" என்றீர்கள். அதற்கு மறுநாள் காலையில் போய்விட்டீர்கள்.

போன வாரம் பெய்த மழையில் என் தலையணை நனைந்து, இரண்டு நாள் மூச்சு விட முடியவில்லை. டாக்டர் திட்டினார். இன்னொரு முறை இப்படி வந்தால் ஊசியோடு போகாது, ஆஸ்பத்திரியில் சேர வேண்டியிருக்கும் என்றார். நம் மகள் ஸ்டெல்லா ஓசூரிலிருந்து போன் போட்டு, "அந்தப் பொட்டியப் பேத்து எறிம்மா மொதல்ல. உனக்கு மூச்சு முக்கியமா, புதினா முக்கியமா?" என்று கத்தினாள். நியாயம்தான். நானும் பெட்டியை எடுத்துவிடச் சொல்லித்தான் ஆசாரியை வரச்சொன்னேன்.

ஆசாரி வெளியே நின்று மேலும் கீழும் பார்த்தார். கதவை இழுத்துப் பெட்டியில் முட்டவிட்டுப் பார்த்தார். சிரித்துவிட்டார்.

"ஆரும்மா இந்த வேலையப் பாத்தது? கதவு எப்படி மூடும்னு கூட ரோசன பண்ணாம பொட்டிய வச்சிருக்காங்க? சுத்தத் தப்புங்கம்மா."

நாலு வருடமாக நான் சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் அவரும் சொன்னார். இந்த வார்த்தையை யாராவது உங்கள் காதுபடச் சொல்ல மாட்டார்களா என்று எத்தனை நாள் ஏங்கியிருப்பேன். ஆனால் கேட்டதும் எனக்குச் சுர்ரென்று வந்தது. அவர் ரம்பத்தைப் பெட்டியின் மேல் வைத்துவிட்டார்.

"அதத் தொடாதீங்க" என்றேன். "பொட்டி சரியாத்தாங்க இருக்குது. ஜன்னல்தான் தப்பு. கதவ அறுங்க."

"கதவையாம்மா?"

"கதவத்தான். அடியில ஒரு சாண்."

என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனாலும் இரண்டு கதவையும் கழற்றி, அடியில் அறுத்து, திரும்ப மாட்டினார். இழுத்தேன். பெட்டிக்கு மேலாக வழுக்கிக்கொண்டு வந்து மூடிக்கொண்டன. கீழே விட்ட ஒரு சாண் இடத்தைப் பெட்டியே அடைத்துக்கொண்டு நிற்கிறது. பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல். அரை நாள் வேலை. இது உங்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. சண்டை போடவே நமக்கு நேரம் சரியாக இருந்திருக்கிறது.

இனிமேல் புதினா பெட்டியைத் தாண்டி வளர்ந்தால் கதவில் நசுங்கும். அதனால் வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகும் முன் கிள்ளிவிட வேண்டும். இந்த வேலையையும் என் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறீர்கள். விரலை விட்டும் பார்த்துக்கொள்கிறேன். இன்றைக்கு மண் ஒட்டியது, தண்ணீர் ஊற்றவில்லை.

ஜன்னல்தான் தப்பு என்று இனி கேட்கிறவர்களுக்கெல்லாம் நான் சொல்வேன். இல்லை, பெட்டிதான் தப்பு என்று மல்லுக்கு நிற்கத்தான் இந்த வீட்டில் ஆள் இல்லை.