தாளிக்கும் முன் ஒரு குரல்

சிவகாசி
பிப்ரவரி 22, ஞாயிறு

அன்பு மகள் ஜெனோவாவுக்கு,

அம்மா ஞானதீபம் எழுதிக்கொள்வது. மாதாவின் துணையால் நானும் தங்கை ஷைலாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். ராஞ்சியின் குளிரில் நீயும் கன்னியர் மடத்தில் உன்னோடு இருக்கும் பிள்ளைகளும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபமாலையில் உனக்காக ஒரு மணி கூடுதலாக உருட்டுகிறேன். வழக்கமாக இந்த இடத்தில் அப்பாவும் நலம் என்று எழுதச் சொல்வேன். இந்த முறை ஷைலா பேனாவை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். என் கையெழுத்து கோழி கிண்டியது போல இருப்பதால் நான் சொல்லச் சொல்ல எப்போதும் அவள்தான் எழுதுகிறாள். நான் பேசுவதைப் பள்ளிக்கூடத் தமிழாக மாற்றிவிடுவாள். ஆனால் எட்டு மாதமாக நான் சொன்ன பொய்யையும் அவள் கையால்தான் எழுத வைத்தேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அது எவ்வளவு பாரமாக இருந்தது என்று இப்போதுதான் தெரிகிறது.

மே மாதம் நீ கன்னியாஸ்திரியாக முதல் வார்த்தைப்பாடு கொடுக்கும் நாள் என்றும், சிவகாசிக்காரி என்பதால் எல்லோரும் வெடி கேட்கிறார்கள், அப்பா வரும்போது ஒரு ஆயிரம் வாலா கொண்டுவர முடியுமா என்றும் எழுதியிருந்தாய். அப்பா அதை வாசித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இனியும் உன்னிடம் மறைக்க முடியாது. நீ மடத்துப் பயிற்சிக்காக நவதுறவகத்துக்குப் போன இருபதாம் நாள் எம். புதுப்பட்டிப் பக்கம் அப்பாவின் பட்டாசுக் கம்பெனியில் விபத்து நடந்ததல்லவா, அன்று அப்பா லீவு என்று உனக்கு எழுதினேன். அப்பா அன்று வேலையில் இருந்தார். பேக்கிங் அறையில் இருந்திருக்கிறார், வெடித்தது அடுத்த அறை. அங்கே வேலையில் இருந்த முனியராஜ் அண்ணனை அப்பாதான் தோளில் போட்டு வெளியே கொண்டுவந்தார். அண்ணன் நாலாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டார். அப்பாவுக்கு உடம்பில் ஒரு கீறல் இல்லை. தெரிந்தால் நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிடுவாய் என்று பயந்து மறைத்தேன். என்னை மன்னித்துக்கொள் மகளே.

அந்த வாரமே அப்பாவுக்கு ஒரு சங்கடம் வந்தது. தூரத்தில் திருவிழாவுக்கு வெடி போட்டால் தாங்கிக்கொள்கிறார். வீட்டுக்குள் எண்ணெயில் கடுகு பொரிந்தால் தாங்க முடியவில்லை. முதல் நாள் நான் ரசம் தாளித்தபோது தட்டை எறிந்துவிட்டுத் தெருவுக்கு ஓடினார். மறுநாளும் அப்படியே. அதோடு நான் தாளிப்பதை விட்டேன். ரசம் வெறும் ரசம், பருப்புக்குப் பச்சை வெங்காயம். கேட்டவர்களிடம் டாக்டர் எண்ணெயைக் குறைக்கச் சொன்னார் என்றேன். அப்பா வேலைக்கும் போகவில்லை, எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதும் இல்லை. தட்டை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார்.

நவம்பரில் ஷைலாவின் பள்ளி நூலகத்தில் அழகுமீனா டீச்சர் ஒரு போட்டி வைத்தார்கள். வீட்டில் யாரும் தொடாமல் கிடக்கும் சமையல் புத்தகத்தை எடுத்து, பத்து வாரம், வாரம் ஒரு பதார்த்தம் செய்து எழுத வேண்டும். வெள்ளை நிறத்தில் ஒன்று, புளிப்பாக ஒன்று, ஐந்தே சாமானில் ஒன்று என்று வாரத்துக்கு ஒரு தலைப்பு. நம் வீட்டு பீரோ மேல் கிடக்கும் புத்தகங்கள்தான் உனக்குத் தெரியுமே. நான் பைண்டிங் வேலையில் அடுக்கும்போது தப்பிப்போய், பதினாறு பக்கப் பாரம் ஒன்று விடுபட்டோ இரண்டு தடவை வந்தோ கழிந்த வேஸ்ட் காப்பிகள். தூசி தட்டிப் பார்த்தால் ஏழு இருந்தது. ஒன்றிலும் இதுவரை ஒரு சட்னிகூட நாம் செய்ததில்லை. ஷைலா ஒரு முழு நாள் உட்கார்ந்து தாளிப்பு இல்லாத குறிப்பாகத் தேடினாள். நம் ஊர்ச் சமையலில் அது எங்கே கிடைக்கும்? கடைசியில் பாரம் விடுபட்ட இடத்தில் பாதியில் நின்றுபோன குறிப்புகளை எடுத்துக்கொண்டாள். தாளிப்பு கடைசியில்தானே வரும், அந்தப் பக்கம்தான் நம்மிடம் இல்லையே என்றாள்.

முதல் வாரம் பூசணிக்காய்க் கூட்டு. தேங்காய் அரைத்து ஊற்றி ஒரு கொதி வந்ததும் என்று 32ஆம் பக்கம் முடிகிறது. அடுத்த பக்கம் 49. அதில் முதல் வரி, மேலே செர்ரிப் பழம் வைத்து அலங்கரிக்கவும். ஷைலா சத்தமாக வாசித்ததும் வாசலில் இருந்த அப்பா, ஏ தாயி, கூட்டு மேல செர்ரியா வைக்கப் போறே, உங்கம்மா அடுக்குன லட்சணம் அப்படி என்றார். நான் சிரிக்கவா அழவா என்று தெரியாமல் நின்றேன். ஐந்து மாதத்துக்குப் பிறகு வந்த கேலி அது. அன்று தட்டோடு உள்ளே வந்து உட்கார்ந்தார். அதன்பின் ஞாயிற்றுக்கிழமை ஆனால் இன்னைக்கு என்ன பாதிச் சமையல் என்று கேட்பார். உப்பு இல்லை என்பார், இருந்தாலும் தின்பார். ஆறு வாரம் நல்லபடியாகப் போனது.

ஏழாவது வாரம் டீச்சர் நோட்டில் சிவப்பு மையால், எல்லாம் நன்று, தாளிப்பு எங்கே என்று எழுதிவிட்டார்கள். அவர்களுக்கு என்ன தெரியும், பாவம். நூலகத்தில் இருந்த முழுப் புத்தகத்தையும் கொடுத்துவிட்டார்கள். அந்த நோட்டில் பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும். அப்பா அந்த வரியை வெகுநேரம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பிறகு ஷைலா பக்கத்தில் இருக்கும்போதே என்னிடம் சொன்னார். அன்னைக்கு முதல்ல கடுகு பொரியுற மாதிரிதான் கேட்டுச்சு தீபம், ரெண்டு நொடி இருக்கும், பசி வேளை, யாரோ தாளிக்காகன்னு மனசுல பட்டுச்சு, ஒரு சத்தம் குடுத்திருந்தா முனியராஜ் வெளிய வந்திருப்பான், நான் குடுக்கலையே. இதைச் சொல்ல அவருக்கு இத்தனை மாதம் ஆகியிருக்கிறது. இதற்கு என்ன சொல்வது என்று உனக்காவது தெரியுமா ஜெனோவா?

மறுநாள் அவராகவே போய் முனியராஜ் அண்ணன் சம்சாரம் பேச்சியம்மாளிடமும் சொல்லிவிட்டார். நான் வாசலில் நின்றேன். அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டு, இதை மனசுல வச்சுக்கிட்டா எங்க தெருப் பக்கமே வராம இருந்தீக, நான் அண்ணனுக்கு எங்க மேல என்ன கோவமோன்னு அம்புட்டு நாளும் நெனச்சேன் என்றாள். ரெண்டு நொடியில என்ன செய்ய முடியும் என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அப்பா நம்பியிருக்க மாட்டார்.

உன் கடிதம் வந்தது அதற்குப் பிறகுதான். மூன்று நாள் சட்டைப் பையில் வைத்திருந்துவிட்டு, ஷைலாவைக் கூப்பிட்டு, பத்துக் கடுகு போடு தாயி, ஆனா சத்தம் குடுத்துட்டுப் போடு என்றார். உன் கோயிலில் வந்து நிற்க வேண்டும் என்றால் இதற்குப் பழக வேண்டும் என்று அவராக முடிவு செய்திருக்கிறார். அன்றிலிருந்து எண்ணெய் காய்ந்ததும் ஷைலா, போடுறேன்ப்பா என்று கூப்பிடுவாள். அப்பா ம் என்றால்தான் போடுவாள். ஒரு நாள் அவர் ம் சொல்லவே இல்லை, எண்ணெய் புகைந்து அடுப்பை அணைத்தோம். எத்தனை கடுகு, அப்பா எங்கே நின்றார் என்று அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைக்கிறாள். தெருவில் நின்றவர் வாசல், நடை என்று வந்து இப்போது சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அரை ஸ்பூன் வரைக்கும் வந்துவிட்டோம். கண்ணை மூடிக்கொள்கிறார், நெற்றி வேர்த்துவிடுகிறது. போன வியாழக்கிழமை நான் அவசரத்தில் குரல் கொடுக்க மறந்து போட்டுவிட்டேன். அன்று முழுக்கச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். என்னால்தான். இதை எழுத வேண்டாம் என்றேன், ஷைலா எழுதிவிட்டாள்.

மூன்று பேருக்கும் ரயில் டிக்கெட் எடுத்தாயிற்று. அப்பா ஏறுவாரா என்று நீ கேட்டால் உண்மையாகவே எனக்குத் தெரியாது. நீ அங்கேயே இரு. திரும்பி வருகிறேன் என்று மட்டும் எழுதிவிடாதே. அது அவரை இன்னும் உடைத்துவிடும். உன் மதரிடம் விவரத்தைச் சொல்லி அன்று வெடி வேண்டாம் என்று கேட்டுக்கொள். மேளம் இருக்கட்டும். ராத்திரி குல்லா போட்டுக்கொண்டு படு, கஞ்சியையும் நேரத்துக்குக் குடி. வாரம் ஒரு முறை முனியராஜ் அண்ணனுக்காகவும் ஜெபம் சொல்.

போட்டி முடிந்துவிட்டது. பத்தாவது வாரம் அந்தப் பூசணிக்காய்க் கூட்டையே முழுதாகச் செய்து, விடுபட்ட பக்கத்தைத் தன் கையால் எழுதிக் கொடுத்தாள் ஷைலா. எண்ணெய் காய்ந்ததும் வீட்டில் இருப்பவர்களுக்குக் குரல் கொடுக்கவும், பதில் வந்த பிறகு கடுகு போடவும் என்று அதில் இருக்கிறது. புத்தகத்தில் அப்படி இல்லையே என்று டீச்சர் கேட்டார்களாம். எங்கள் வீட்டுப் புத்தகத்தில் இருக்கிறது டீச்சர் என்றாளாம். அதன் நகல் ஒன்றை இதனோடு வைத்திருக்கிறேன். உனக்குச் சமையலறை முறை வந்திருப்பதாக எழுதியிருந்தாயே, அடுப்புப் பக்கத்தில் ஒட்டி வை.

மாதா உன்னைத் தன் சேலைக்குள் வைத்துக் காக்கட்டும். அப்பா உன் நெற்றியில் சிலுவை போடுவதாகச் சொல்லச் சொன்னார். மே மாதம் நாங்கள் மூன்று பேராக வந்தால், அங்கே இருக்கும் நாட்களில் நீயும் தாளிக்கும் முன் குரல் கொடுக்க வேண்டும், இப்போதே பழகிக்கொள். அப்பா எந்த அறையில் இருந்தாலும் சரி, முதலில் கூப்பிடு. அவர் ம் சொல்லும்வரை காத்திரு.

உன் அம்மா,
கி. ஞானதீபம்