மதினி கேட்ட முதல் பாட்டு

மதினி,

புது போன் வாங்கப் போயிருந்தேன். பழையதில் இருந்ததையெல்லாம் மாற்றிக்கொண்டிருந்த கடை அண்ணாச்சி, "மதினின்னு ஒரு லிஸ்ட்டு கெடக்கும்மா, முப்பது பாட்டு. வேணுமா, அழிச்சிரட்டுமா?" என்று கேட்டார். நான் பதறிப்போய் அவர் கையிலிருந்து போனையே பிடுங்கிவிட்டேன்.

மூன்று வயதில் வந்த காய்ச்சலில் உங்கள் காது போயிற்று. வெடிச்சத்தம் எட்டும், துறைமுகத்துக் கப்பலின் ஹாரன் எட்டும். பேச்சை உதட்டில் படித்துக்கொள்வீர்கள். பாட்டு மட்டும் எந்த வழியிலும் வந்ததில்லை. நாற்பத்திரண்டாவது வயதில் காதுக்குப் புது மெஷின் மாட்டியபோது, அதைப் பொருத்திய பெண் என்னிடம்தான் சொன்னாள்: "ஒரே ஒரு வாத்தியம், இல்லேன்னா ஒரே ஒரு குரல். மெதுவா ஆரம்பிங்க."

மூன்று நாள் யோசித்தேன். பிறந்ததிலிருந்து பாட்டுக்குள்ளேயே கிடந்தவள் நான். எனக்கு முதல் பாட்டு எது என்று எனக்கே தெரியாது. உங்களுக்கு எதைக் கொடுப்பது? கடைசியில் புல்லாங்குழல் போட்டேன். "கொசு மாதிரி இருக்குளா" என்றீர்கள். வீணை போட்டேன். "யாரோ கொடிக்கம்பிய இழுத்து இழுத்து விடுதாங்க." எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிறகு வாத்தியமே இல்லாமல் ஒரு பெண் பாடிய தாலாட்டைப் போட்டேன். அது முடிந்ததும் போனை என் பக்கம் தள்ளி, "இன்னொரு மட்டம் போடு" என்றீர்கள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். "இனி ஒங்கண்ணன் பாட்டக் கேக்கணும்" என்று கிளம்பினீர்கள்.

பதினெட்டு வருடமாக மாதா கோயிலில் அண்ணன் பக்கத்தில் நின்று, அவர் வாயசைவதைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் நீங்கள். முன் பெஞ்சுக்காரர்கள் திரும்பிப் பார்ப்பது அவர் குரலில் மயங்கித்தான் என்று நம்பியிருந்தீர்கள். அவருக்குச் சுருதி எட்டாத தூரம் என்பது நம் மில்லர்புரத்தில் உங்களைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

அன்று அண்ணன் என்னைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். இழுவைப்படகில் இருபது வருடம் வேலை பார்த்த மனுசன், எந்தக் காற்றுக்கும் பயப்படாதவர், அப்படிக் கை பிசைந்து நான் பார்த்ததில்லை.

"ஏளா, நான் பாடுத லட்சணம் எனக்குத் தெரியாதா? நல்லாப் பாடுவேன்னு நெனைக்கது அவ ஒருத்திதான். எதையாவது சொல்லித் தள்ளிப் போடு."

"எத்தனை நாளைக்குண்ணே?"

அவர் உள்ளே போய், மாதா பாட்டு ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு பாடினார். நீங்கள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டீர்கள். "நல்லாத்தான் இருக்கு" என்றீர்கள். அவர் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

நான்தான் யோசிக்கவில்லை. தினம் ஒரு பாட்டாகத் தந்துகொண்டே இருந்தேன். ஒவ்வொன்றும் உங்கள் காதுக்கு ராகத்தைப் பழக்கிக்கொண்டிருந்தது. நாலாவது வாரம் பூசையில், அண்ணன் பாடும்போது நீங்கள் அவரைப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"ஏளா, ஒங்கண்ணன் தப்பாத்தானே பாடுதாரு?"

பொய் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். நீங்கள் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"ஆமா மதினி."

"எல்லாருக்கும் தெரியுமா?"

"எல்லாருக்கும்."

சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, அப்படிச் சிரித்தீர்கள். சிரித்து முடித்து, "எனக்குத் தெரியும்னு அவருகிட்ட சொல்லிராத" என்றீர்கள்.

இப்படி இருவர் ரகசியத்தையும் நான் ஒருத்தி ஆறு வருடம் சுமந்தேன். மிக்ஸி ஓடினால் மெஷினைக் கழற்றுவீர்கள். பிரசங்கம் நீண்டாலும் கழற்றுவீர்கள். அவர் பாடும்போது மட்டும் கை அந்தப் பக்கம் போனதேயில்லை. வீட்டிலும் சாயங்காலமானால், "என்ன சும்மா இருக்கீங்க, பாடுங்க" என்பீர்கள்.

போன மழைக்காலத்துக்கு முன்னால் நோய் உங்களைக் கொண்டுபோயிற்று. முப்பதாம் நாள் பூசையில் அண்ணன் வாய் திறக்கவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் நிற்கும்போது கேட்டார்: "ஏளா, நெசத்தச் சொல்லு. அவளுக்குத் தெரியுமா?"

உங்களுக்குக் கொடுத்த வாக்கை அன்றைக்கு மீறினேன், மதினி. "மொத மாசமே தெரியும்ணே."

அவர் வேப்பமரத்தில் கையை ஊன்றிக்கொண்டார்.

"தெரிஞ்சுமா ஒவ்வொரு நாளும் பாடச் சொன்னா?"

நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த ஞாயிறு அவர் பாடினார். கொஞ்சமும் மாறாத அதே தப்போடு, முன்னைவிட உரக்க. நான் உங்கள் இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். முன்பெல்லாம் அவர் தொடங்கியதும் மனதை வேறெங்காவது கொண்டுபோய்விடுவேன். அன்று முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் கேட்டேன். இப்போது வாராவாரம் கேட்கிறேன்.